மார்க்ஸ் என்னும் குடும்பப்பெயர்: ட்ரியர் நகரத்து ரபி குடும்பம் ஒன்றின் வம்சாவளி ஆய்வு

1818 மே 7 அன்று மாலை 4 மணிக்கு, பிரஷ்ய ஆட்சியின் கீழிருந்த ட்ரியர் நகரில், ஹைன்ரிஷ் மார்க்ஸ் என்ற வழக்கறிஞர் பிறப்புப் பதிவாளர் முன் ஓர் ஆண் குழந்தையைக் காட்டி, அது மே 5 அதிகாலை 2 மணிக்குத் தமக்கும் தம் மனைவிக்கும் பிறந்தது என்றும், அதற்குக் கார்ல் என்று பெயரிட விரும்புவதாகவும் தெரிவித்தார். பதிவேட்டில் தந்தையின் வயது 37 என்றும், தாயின் பெயர் ஹென்ரியெட்டே பிரெஸ்போர்க் என்றும் எழுதப்பட்டன. கார்ல் மார்க்ஸின் பிறப்பை உறுதிசெய்யும் அந்தச் சில வரிகளை வம்சாவளி ஆராய்பவர் படிக்கும்போது மூன்று இடங்களில் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. ஹைன்ரிஷ் பிறந்தது 1777 ஏப்ரலில். எனவே அன்று அவருக்கு வயது 41. தாயின் குடும்பப்பெயர் பிரெஸ்பர்க். பதிவேட்டிலுள்ள எழுத்து ஒலியைக் கேட்டு எழுதப்பட்டதாகவே இருக்க வேண்டும். மூன்றாவது, யாரும் சந்தேகிக்காத மார்க்ஸ் என்ற பெயர். சட்டப்படியான குடும்பப்பெயராக அது அந்த வீட்டில் நிலைபெற்று அப்போது பத்து ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

ஐரோப்பிய யூதர்களின் குடும்பப்பெயர்கள் எப்படி உருவாயின, அவற்றைக் கொண்டு முன்னோரை எவ்வளவு தூரம் தேட முடியும் என்ற இரு கேள்விகளுக்கும் இந்த ஒரு குடும்பத்தை எடுத்துக்கொண்டு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம். தந்தையின் பெயரிலிருந்து வந்த குடும்பப்பெயர், கோத்திர அடையாளத்திலிருந்து வந்தது, விட்டுவந்த ஊரிலிருந்து வந்தது, அரசாணைக்குப் பணிந்து பதிவானது என்று பல வகைகளும் இந்த ஒரே வீட்டில் கிடைக்கின்றன. இக்குடும்பத்தின் ஆவணங்கள் எனக்கு உணர்த்துவது ஒன்றுதான்: யூதக் குடும்பங்கள் பலவற்றில் குடும்பப்பெயர் என்பது மிகப் பிந்திய அடுக்கு, அதை மட்டும் பிடித்துக்கொண்டு பின்னோக்கிச் செல்பவர் மூன்று தலைமுறைக்குள் வழி தவறிவிடுவார்.

ஒரே மனிதர், பல பெயர்கள்

கார்லின் தந்தைவழிப் பாட்டனார் பொஹீமியாவில் போஸ்டெல்பர்க் என்ற ஊரைச் சேர்ந்தவர். இன்று அந்த ஊர் செக் குடியரசில் போஸ்டொலோப்ர்ட்டி என்ற பெயரில் இருக்கிறது. அவர் முதலில் சார்லூயியிலும், பின்னர் 1788 முதல் ட்ரியரிலும் ரபியாக, அதாவது யூத சமய குருவாக, பணியாற்றி 1804-இல் காலமானார். எபிரேய ஆவணங்களில் அவர் மொர்தெகாய் பென் சாமுவேல் ஹ-லேவி. சில இடங்களில் அதனுடன் போஸ்டெல்பர்க் என்ற ஊர்ப்பெயரும் சேரும். ஊராருக்கும் அரசு அலுவலர்களுக்கும் அவர் மார்க்ஸ் லேவி. இவை இருவேறு மனிதரின் பெயர்கள் அல்ல என்பதைக் கண்டுகொள்ள, அந்தப் பெயரை உறுப்பு உறுப்பாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

மொர்தெகாய் என்பது எஸ்தர் நூலில் வரும் பெயர். யூத ஆலயத்தில் தோரா என்னும் மறைநூலை வாசிக்க அழைக்கும்போதும், திருமண ஒப்பந்தத்திலும், கல்லறைக்கல்லிலும் பயன்பட்ட புனிதப்பெயர் அதுவே. அன்றாட வாழ்வில் அதற்கு இணையாக வேறொரு பெயர் வழங்குவது ஜெர்மானிய யூதரிடையே நெடுநாள் வழக்கம். இந்த இணைப்பெயர்கள் அவரவர் விருப்பப்படி அமைந்தவை அல்ல. பெரும்பாலும் மரபாக நிலைத்த இணைகள். மொர்தெகாய்க்கு மார்க்குஸ் அல்லது மார்க்ஸ்; யூதாவுக்கு, யாக்கோபு அவனைச் சிங்கம் என்று வாழ்த்தியதால், லேயிப் அல்லது லோவ்; நப்தலிக்கு, அதே வாழ்த்தில் மான் என்று சொல்லப்பட்டதால், ஹிர்ஷ்; பென்யமீனுக்கு ஓநாயைக் குறிக்கும் வோல்ஃப். இந்த இணைகளை அறியாதவர் ஒரே ஆளைப் பதிவேடுகளில் இருவராக எண்ணி, இல்லாத ஒரு சகோதரனை வம்சாவளியில் சேர்த்துவிடுவார். புதிதாகத் தேடத் தொடங்குபவர்கள் வரையும் குடும்ப மரங்களில் இந்தத் தவறு அடிக்கடி காணப்படுகிறது.

பென் சாமுவேல் என்றால் சாமுவேலின் மகன். தந்தையின் பெயரே மனிதனை அடையாளப்படுத்தியது. தலைமுறை மாறும்போது அந்தப் பெயரும் மாறியது. இதைத் தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டிய தேவை அதிகம் இல்லை. தந்தையின் பெயரை முன்னெழுத்தாகக் கொள்ளும் நம் வழக்கமும் இதே ஏற்பாடுதான். பொதுவுடைமைப் பற்றுள்ள பெற்றோரால் மார்க்ஸ் என்று பெயரிடப்பட்ட தமிழர் பலர் நம்மிடையே இருக்கின்றனர். அவர்களுடைய பிள்ளைகளின் பெயருக்கு முன்னால் மா. என்ற எழுத்து வந்து நிற்கிறது. நாளை ஓர் அரசாணை வந்து, இன்று உங்கள் பெயரோடு இருக்கும் தந்தை பெயரே இனி என்றைக்கும் உங்கள் குடும்பத்தின் பெயர் என்று அறிவித்தால் என்ன நடக்குமோ, ட்ரியரில் நடந்தது கிட்டத்தட்ட அதுதான். மார்க்ஸ் லேவியின் மக்களான சாமுவேலும் ஹைன்ரிஷும், மார்க்ஸின் மகன் என்ற பொருளில் பெயருடன் மார்க்ஸைச் சேர்த்துக்கொண்டிருந்தனர். அந்தச் சேர்க்கை உறைந்து குடும்பப்பெயராயிற்று.

ஹ-லேவி என்ற பகுதி இவற்றினும் வேறானது. ஆலயப் பணிக்கென ஒதுக்கப்பட்ட லேவி கோத்திரத்தவர் என்பதை அது குறிக்கிறது; தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே இறங்குகிறது. ஆரோனின் வழிவந்த ஆசாரியர்களைக் குறிக்கும் கோஹென் என்பதும் அவ்வாறே. லேவி என்ற குடும்பப்பெயரை ஒருவர் துறக்கலாம், லேவிட்டோ லேவின்ஸ்கியோ ஆக்கிக்கொள்ளலாம். ஆனால் எபிரேயப் பெயரின் இறுதியில் ஹ-லேவி தொடர்ந்து வரும். அதனால் ஆண்வழி ஒன்றைச் சரிபார்க்க இதைவிட நம்பகமான சான்று அரிது. தந்தை எனக் கருதப்படுபவரின் கல்லறைக்கல்லில் ஹ-லேவி இருந்து, மகனுடையதில் இல்லையென்றால், அந்த உறவை மறுபடியும் ஆராய வேண்டும்.

பெயரிடும் வழக்கமும் இங்கே துணைக்கு வருகிறது. ஜெர்மானிய, கிழக்கு ஐரோப்பிய மரபினரான அஷ்கெனாசி யூதர்கள் இறந்துபோன முன்னோரின் பெயரையே குழந்தைக்கு இடுவர். உயிரோடிருப்பவரின் பெயரை இடமாட்டார்கள். மார்க்ஸ் லேவியின் மகன் சாமுவேல் 1775-இல் பிறந்தார் என்பதும் பாட்டனார் பெயரும் சாமுவேல் என்பதும் தெரிந்தால், போஸ்டெல்பர்க்கின் சாமுவேல் அதற்குமுன் இறந்திருக்க வேண்டும் என்று இறப்புப் பதிவு எதுவும் இல்லாமலேயே ஊகிக்கலாம். ஹைன்ரிஷின் இளமைப் பெயரிலும் இப்படி ஒரு நுட்பம் இருக்கிறது. அவரைச் சிலர் ஹெர்ஷல் என்றும் சிலர் ஹெஷல் என்றும் எழுதுகின்றனர். ஹெர்ஷல் ஹிர்ஷிலிருந்து வரும் செல்லப்பெயர். ஹெஷல் யோசுவா என்ற பெயருக்கு இணையாக வழங்குவது. அவருடைய தாயின் பாட்டனார் யோசுவா ஹெஷல் லுவோவ் என்ற புகழ்பெற்ற ரபி, ஹைன்ரிஷ் பிறப்பதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் இறந்தவர். பெயரிடும் மரபை வைத்துப் பார்த்தால் ஹெஷல் என்ற வடிவமே பொருந்தி வருகிறது என்பது என் கருத்து.

1808 ஜூலை 20 அரசாணை

ரைன் நதியின் மேற்குக் கரையைப் பிரான்ஸ் கைப்பற்றியபின் ட்ரியர் பிரெஞ்சு மாவட்டம் ஒன்றின் தலைநகராயிற்று. 1808 ஜூலை 20 அன்று நெப்போலியன் பாயோன் நகரிலிருந்து பிறப்பித்த ஆணை, நிலையான குடும்பப்பெயரும் இயற்பெயரும் இல்லாத யூதக் குடிமக்கள் அனைவரும் மூன்று மாதங்களுக்குள் அவற்றைத் தெரிவுசெய்து, தாம் குடியிருக்கும் ஊரின் பதிவாளரிடம் அறிவிக்க வேண்டும் என்று விதித்தது. பழைய ஏற்பாட்டிலிருந்து எடுத்த பெயர்களோ, நகரங்களின் பெயர்களோ குடும்பப்பெயராக ஏற்கப்படமாட்டா. ஏற்கெனவே அத்தகைய பெயரால் தொடர்ந்து அறியப்பட்டு வந்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. பணியாதவர்களைப் பேரரசிலிருந்து வெளியேற்றவும் ஆணை வழிசெய்தது. ஒவ்வோர் ஊரிலும் இதற்கென எழுதப்பட்ட அறிவிப்புப் பதிவேடுகளில் பழைய பெயர், புதிய பெயர், பிள்ளைகளின் பெயர்கள் ஆகியவை அருகருகே நிற்கின்றன. இரண்டு பெயர் முறைகளுக்கும் இடையே பாலமாக நிற்கும் இத்தகைய பதிவேடு கிடைத்துவிட்டால் தேடலின் மிகக் கடினமான கட்டம் கடந்துவிட்டது எனலாம்.

ட்ரியரின் ரபி குடும்பம் லேவியைக் கைவிட்டு மார்க்ஸை வைத்துக்கொண்டதை இந்தப் பின்னணியில்தான் புரிந்துகொள்ள வேண்டும். லேவி பழைய ஏற்பாட்டுப் பெயர். மார்க்ஸோ பழைய ஏற்பாட்டில் இல்லாத, ஜெர்மானியருக்கும் பழக்கமான பெயர். மொர்தெகாய் என்ற தந்தையின் நினைவும் அதற்குள் பத்திரமாக இருந்தது. ஆணையின் சொற்களுக்கு உட்பட்டு, தந்தையின் பெயரையும் காத்துக்கொண்ட தெரிவு அது என்பதே என் மதிப்பீடு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு யூத அடையாளம் மறைந்ததுபோல் தோன்றும். குடும்பத்துக்குள் இருப்பவர்க்கு அது பாட்டனாரின் பெயர்.

இந்த ஆணை தனித்து வந்ததன்று. ஹாப்ஸ்பர்க் பேரரசர் இரண்டாம் ஜோசஃப் 1787 ஜூலை 23-இல் பிறப்பித்த ஆணை, 1788 ஜனவரி முதல் தம் நாடுகளின் யூதர்கள் நிலையான குடும்பப்பெயர் கொள்ள வேண்டும் என்றது. பிரஷ்யாவில் 1812 மார்ச் 11-இன் குடியுரிமை ஆணையும், பவேரியாவில் 1813-இன் ஆணையும், ரஷ்யப் பேரரசில் 1804 மற்றும் 1835-இன் சட்டங்களும் இதையே செய்தன. வரி, படைச்சேர்ப்பு, நீதிமன்றம் ஆகியவற்றுக்கு மாறாத பெயர் தேவைப்பட்டதே காரணம். வம்சாவளி தேடுபவருக்கு இதனால் ஒரு முக்கிய விளைவு உண்டு. மொர்தெகாய் 1787-க்கு முன்பே பொஹீமியாவை விட்டு வந்துவிட்டார். அங்கேயே தங்கிய அவருடைய உறவினர்கள் ஜோசஃபின் ஆணைப்படி ஒரு பெயரை ஏற்றிருப்பர். ட்ரியரிலிருந்த கிளை இருபது ஆண்டுகள் கழித்து நெப்போலியனின் ஆணைப்படி வேறொரு பெயரை ஏற்றது. ஒரே தந்தையின் பிள்ளைகள் எல்லைக்கோடு ஒன்றால் இரு குடும்பப்பெயர்க்காரர்கள் ஆனது இப்படித்தான். போஸ்டொலோப்ர்ட்டியின் பழைய ஆவணங்களில் மார்க்ஸ் என்று தேடினால் இந்தக் குடும்பம் கிடைக்காது. சாமுவேல் ஹ-லேவி என்று தேட வேண்டும்.

நல்ல பெயர்களை அதிகாரிகள் காசுக்கு விற்றார்கள், பணம் தர இயலாத ஏழைகளுக்கு இழிவான பெயர்களைச் சூட்டினார்கள் என்ற கதை, குறிப்பாக ஹாப்ஸ்பர்க் ஆட்சியிலிருந்த கலீசியாவைப் பற்றி, மிகவும் பரவியிருக்கிறது. அங்கே ஏளனமான பெயர்கள் சில இருந்தது உண்மை. ஆனால் பதிவேடுகளில் உள்ள பெயர்களில் மிகப் பெரும்பாலானவை தொழில், ஊர், முன்னோர் பெயர், நிறம், மரம் போன்ற சாதாரணப் பெயர்களே. நியூயார்க்கின் எல்லிஸ் தீவில் அதிகாரிகள் பெயரை மாற்றிவிட்டார்கள் என்ற கதையும் இத்தகையதே. அங்கே அதிகாரிகள் கப்பல் நிறுவனங்கள் ஏற்கெனவே எழுதிக்கொண்டுவந்த பயணிகள் பட்டியலை வைத்தே சரிபார்த்தனர்; பெயர் மாற்றங்களில் பெரும்பாலானவை பிற்பாடு குடியேறியவர்கள் தாமே செய்துகொண்டவை.

1815-இல் ட்ரியர் பிரஷ்யாவின் கைக்கு மாறியபோது, யூதர்களின் கடன் வணிகத்தையும் தொழில் உரிமையையும் கட்டுப்படுத்திய 1808 மார்ச் 17-இன் மற்றொரு நெப்போலியன் ஆணையைக் கண்டித்து ஹைன்ரிஷ் மார்க்ஸ் ஆளுநருக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். அது பலன் தரவில்லை. யூதராக இருந்துகொண்டு வழக்கறிஞர் தொழிலைத் தொடர முடியாத நிலையில் அவர் சில ஆண்டுகளுக்குள் எவாஞ்சலிக (புராட்டஸ்டன்ட்) திருச்சபையில் ஞானஸ்நானம் பெற்றார். பிள்ளைகளுக்கு 1824 ஆகஸ்டிலும், தாய் ஹென்ரியெட்டேக்கு 1825-இலும் ஞானஸ்நானம் நடந்தது. இந்தத் தேதிகளுக்கு வம்சாவளி ஆய்வில் தனி மதிப்பு உண்டு. ஹைன்ரிஷின் ஞானஸ்நானத்துக்குப்பின் இக்குடும்பத்தை யூத சமூகப் பதிவுகளில் மட்டும் தேடினால் பாதிக் குடும்பம் காணாமற்போகும்.

விட்டுவந்த ஊரே பெயரான விதம்

தந்தைவழிப் பாட்டியின் பெயர் ஏவா லுவோவ். அவருடைய தந்தை மோசஸ் லுவோவ் 1788 வரை ட்ரியரின் ரபி. மாமனாரின் பதவியே மருமகன் மொர்தெகாய்க்கு வந்தது. மோசஸின் தந்தைதான் முன்னர்க் குறிப்பிட்ட யோசுவா ஹெஷல். அவர் ட்ரியரில் ரபியாக இருந்து பின்னர் அன்ஸ்பாக் சென்றவர். அவருடைய தந்தை ஆரோன் லுவோவும் ட்ரியரின் ரபியாக இருந்து, பின் அல்சாஸின் வெஸ்ட்ஹோஃபனில் பணியாற்றினார். லுவோவ் என்பது இன்று உக்ரைனிலுள்ள லிவிவ் நகரம். ஜெர்மானியர் அதை லெம்பெர்க் என்றனர். லிவிவில் வாழும் ஒருவரை யாரும் லிவிவ்காரர் என்று அழைக்கமாட்டார்கள். அந்தப் பெயர் ரைன் கரையில்தான் பிறந்திருக்க முடியும். அது வந்துசேர்ந்தவரைப் பற்றி வந்துசேர்ந்த ஊரார் சொன்ன சொல். எனவே ஊர்ப்பெயர் கொண்ட குடும்பத்தை ஆராயும்போது, எந்த ஊர் என்று கேட்பதோடு, எந்தத் தலைமுறையில் அந்த ஊரை விட்டார்கள் என்றும் கேட்க வேண்டும். அதற்குப்பின் அந்த ஊரின் பதிவேடுகளில் அவர்கள் இருக்கமாட்டார்கள். அதற்கு முன்னரோ அந்தப் பெயரில் இருக்கமாட்டார்கள்.

தாய்வழியிலும் இதே நிலை. ஹென்ரியெட்டே 1788-இல் நெதர்லாந்தின் நைமேகனில் பிறந்தவர். அவருடைய தந்தை ஐசக் ஹைமான்ஸ் பிரெஸ்பர்க். பிரெஸ்பர்க் அன்றைய ஹங்கேரி அரசின் நகரம், இன்று ஸ்லோவாக்கியாவின் தலைநகரான பிராட்டிஸ்லாவா. கார்லின் மகள் எலினோர், தம் பாட்டியின் குடும்பம் ஹங்கேரியிலிருந்து துன்புறுத்தலுக்கு அஞ்சி ஹாலந்து வந்தது என்றும், வந்த ஊரின் பெயராலேயே அறியப்பட்டது என்றும் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். வீட்டில் சொல்லிவரும் செய்தியைத் தீர்ந்த சான்றாகக் கொள்ளக்கூடாது. ஆனால் தேடலின் திசையை அதுவே காட்டுகிறது, இங்கே பெயரும் அதை ஒட்டியே நிற்கிறது. ஹைமான்ஸ் என்பது அவருடைய தந்தை பெயர். பிறப்புப் பதிவில் பிரெஸ்போர்க் என்றிருப்பதை இப்போது நினைத்துப் பாருங்கள்: ஊர்ப்பெயர் என்று அறியாதவருக்கு அது பொருளற்ற ஒலி, அறிந்தவருக்கு ஹங்கேரிவரை செல்லும் வழி.

லுவோவ் குடும்பத்தின் முன்னோரை ஆய்வாளர்கள் கிராக்கோவின் ரபி குடும்பங்கள் வழியாகப் பதுவா நகரின் மேயிர் காட்சென்எல்லென்போகன் வரை கொண்டுசெல்கின்றனர். 1565-இல் இறந்த அவர் அக்காலத்துப் பெரும் சட்ட அறிஞர். அவருடைய பெயரும் ஊர்ப்பெயர். அன்று ஹெஸ்ஸன் ஆட்சிக்குட்பட்டிருந்த, அவர் பிறந்த சிற்றூர் அது. பெயரின் முதற்பகுதி பூனையைக் குறிப்பதால், பதுவாவிலுள்ள அவர் கல்லறையில் பூனை உருவம் செதுக்கப்பட்டிருக்கிறது. எழுத்து தேய்ந்த கல்லிலும் உருவம் பெயரைச் சொல்லிவிடும். அவர் மணந்த குடும்பம் மின்ஸ். அது மைன்ஸ் நகரைக் குறிக்கிறது. இந்த ஆய்வுகளுக்கு அடித்தளமிட்டவர்களுள் ஒருவர் பெர்ன்ஹார்ட் வாக்ஸ்டைன். வியன்னா யூத சமூகத்தின் நூலகராக இருந்து, அந்நகரின் பழைய யூத இடுகாட்டுக் கல்வெட்டுகளைப் படித்துப் பதிப்பித்த அவர், 1923-இல் மார்க்ஸின் வம்சாவளியைப் பற்றிய ஆய்வையும் வெளியிட்டார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இவ்வளவு தூரம் செல்ல முடிவதற்குக் காரணம் இவர்கள் ரபிகளாக இருந்ததுதான். ரபியின் பெயர் நூல்களின் முகப்பில், பிறர் நூலுக்கு எழுதிய ஒப்புதல் உரைகளில், சட்டக் கேள்விகளுக்கு எழுதிய பதில்களில், சமூகத்தின் நியமனப் பத்திரங்களில் என எங்கும் பதிவாகும். மூட்டை சுமந்து ஊர் ஊராக விற்றவரின் பெயர் அவ்வாறு பதிவாவதில்லை. சாதாரணக் குடும்பங்களின் தேடல் பெயராணையின் காலத்தோடு, மிஞ்சினால் அதற்கு இரு தலைமுறை முன்னர், நின்றுவிடுகிறது. அந்த இடைவெளியை நிரப்புவதற்காகப் புகழ்பெற்ற ரபி ஒருவரோடு தம்மை இணைத்துக்கொள்ளும் ஆசை பலரைப் பிழையான வம்சாவளிக்கு இட்டுச்சென்றிருக்கிறது. ஆவணம் நிற்கும் இடத்தில் ஆய்வாளரும் நிற்க வேண்டும்.

கல்லும் காகிதமும்

ட்ரியரின் வைடகாஸே தெருவிலுள்ள பழைய யூத இடுகாட்டில் மார்க்ஸின் முன்னோர்கள் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். இத்தகைய இடுகாடுகளில் ஒரு கல்லைப் படிக்கும் முறை இது. மேலே பே, நூன் என்ற இரு எழுத்துகள் இருக்கும். இங்கே அடக்கம் என்பதன் சுருக்கம். கீழே ஐந்தெழுத்துகள், இறந்தவரின் உயிர் வாழ்வோரின் கட்டுக்குள் கட்டப்பட்டிருப்பதாக என்று சாமுவேலின் முதல் நூலிலிருந்து வரும் வாழ்த்து. இடையில் பெயர், பென் (மகன்) அல்லது பாத் (மகள்), தந்தையின் பெயர், தேதி. ஆசிர்வதிக்கும் இரு கைகள் செதுக்கியிருந்தால் அவர் கோஹென். கையலம்பக் கவிழ்க்கும் குடம் இருந்தால் லேவி. ஒரு கல் இரண்டு தலைமுறைகளை உறுதியாகத் தருகிறது. குடும்பப்பெயரைப் பெரும்பாலும் தருவதில்லை.

தேதியில்தான் பலர் வழுக்குகின்றனர். மொர்தெகாய் இறந்ததாகக் குறிப்பிடப்படும் 1804 அக்டோபர் 24-ஐ எடுத்துக்கொள்வோம். எபிரேய ஆண்டு 5565. கல்லில் ஆயிரங்களை விட்டு 565 என்று மட்டும் எழுதுவதே வழக்கம். 3760-ஐக் கழித்தால் பொது ஆண்டு வந்துவிடும் என்ற எளிய விதியைப் பின்பற்றினால் 1805 வரும், ஓராண்டு பிழை. எபிரேயப் புத்தாண்டு இலையுதிர் காலத்தில் பிறப்பதால், புத்தாண்டுக்கும் டிசம்பர் இறுதிக்கும் இடைப்பட்ட நாள்களுக்கு 3761-ஐக் கழிக்க வேண்டும். அதே நாளைப் பிரெஞ்சுப் பதிவாளர் புரட்சி நாட்காட்டிப்படி எழுதியிருந்தால் அது 13-ஆம் ஆண்டு ப்ரூமேர் மாதம் 2. கல்லையும் காகிதத்தையும் வைத்துக்கொண்டு இவை இருவேறு மரணங்கள் என்று ஒருவர் முடிவுகட்டினால் வியப்பதற்கில்லை.

எழுத்துக்கூட்டல் வேறுபாடு மற்றொரு தடை. பிரெஸ்பர்க், பிரெஸ்போர்க்; லுவோவ், லெவோவ்; லேவி, லெவி. 1985-இல் காரி மொகோடோஃப், ராண்டி டெய்ட்ச் இருவரும் அமைத்த ஒலிக்குறியீட்டு முறை, கிழக்கு ஐரோப்பிய யூதப் பெயர்களை எழுத்தை விட்டு ஒலியின்படி தொகுக்கிறது. இன்றைய வம்சாவளித் தரவுத்தளங்கள் பலவற்றில் இம்முறை உண்டு. அதில் தேடினால் இத்தகைய வடிவங்களில் பல ஒன்றாகக் கிடைக்கும். ஆனால் மொர்தெகாயையும் மார்க்ஸையும் அது இணைக்காது. அது ஆய்வாளரின் வேலை.

ஆவணத்தில் அரசின் வன்முறை நேரடியாகத் தெரியும் இடமும் உண்டு. 1938 ஆகஸ்ட் 17-இன் நாஜி ஆணை, குறிப்பிட்ட பட்டியலில் உள்ள யூதப் பெயர் இல்லாத ஆண்கள் இஸ்ரயேல் என்றும், பெண்கள் சாரா என்றும் கூடுதல் பெயர் ஏற்க வேண்டும் என்று கட்டளையிட்டது. அது 1939 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பல்லாண்டுகளுக்கு முந்தைய பிறப்புப் பதிவுகளின் ஓரத்திலும் இது குறிக்கப்பட்டது. ஜெர்மனியின் பதிவேடுகளில் அந்தச் சேர்க்கையையும், 1945-க்குப் பின் அதை ரத்துசெய்த குறிப்பையும் ஒரே ஓரத்தில் காணலாம். 1941 அக்டோபரில் ட்ரியரிலிருந்து யூதர்கள் போலந்தின் லோட்ஸ் நகரில் யூதரை அடைத்துவைத்த கெட்டோவுக்கு நாடுகடத்தப்பட்டனர். எருசலேமின் யாத் வஷேம் நிறுவனம் கொல்லப்பட்டவர்களுக்காகத் திரட்டும் சாட்சியப் படிவங்களில் தந்தை, தாய், தாயின் பிறந்தவீட்டுப் பெயர், ஊர் ஆகியவை கேட்கப்படுகின்றன. கல்லறையே இல்லாதவர்களுக்கு அந்தப் படிவமே கல்.

பெயர் ஒன்றானால் உறவாகுமா

மார்க்ஸ் என்ற பெயர் யூதருக்கு மட்டும் உரியதன்று. மார்க்குஸ் என்ற இயற்பெயரிலிருந்து கிறிஸ்தவக் குடும்பங்களும் அதைப் பெற்றிருக்கின்றன. 1920-களில் ஜெர்மனியின் பிரதமராக இருந்த வில்ஹெல்ம் மார்க்ஸ் கத்தோலிக்கர். அமெரிக்க நகைச்சுவை நடிகர்களான மார்க்ஸ் சகோதரர்களின் தந்தை அல்சாஸிலிருந்து குடியேறிய யூதர். மொர்தெகாய் என்ற பாட்டனார் இருந்த வீடுகள் ரைன் பகுதியில் எத்தனையோ. ஒவ்வொன்றிலும் மார்க்ஸ் என்ற குடும்பப்பெயர் தனித்தனியே தோன்றியிருக்க முடியும். ரஷ்யப் பேரரசின் யூதப் பெயர்களை ஊர்வாரியாகத் தொகுத்த அலெக்சாண்டர் பெய்டரின் பணி, ஒரே பெயரை உறவற்ற குடும்பங்கள் பல இடங்களில் தனித்தனியே ஏற்றதைத் தெளிவாகக் காட்டுகிறது.

தவறான பெயராய்வு தீய நோக்கத்துக்கும் பயன்படுகிறது. கார்ல் மார்க்ஸின் உண்மைப் பெயர் மோசே மொர்தெகாய் லேவி, அதை அவர் மறைத்தார் என்ற கூற்று யூத வெறுப்புத் துண்டறிக்கைகளில் தொடங்கி இன்றுவரை பரப்பப்படுகிறது. பிறப்புப் பதிவு கார்ல் என்றே சொல்கிறது. மொர்தெகாய், லேவி என்ற பெயர்கள் அவருடைய பாட்டனாருடையவை. பெயரன் பிறப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே குடும்பத்தின் பெயர் வெளிப்படையாக, அரசு ஆணைக்குட்பட்டு மாறிவிட்டது. மறைப்பதற்கு எதுவும் இருக்கவில்லை. ஒரு மனிதரின் முன்னோரைத் தேடுவது அவரை அறிவதற்காக இருக்க வேண்டும். குற்றஞ்சாட்டுவதற்கான கருவியாக அதை ஆக்குவோரை ஆவணத்தைக் கொண்டு மறுப்பது வம்சாவளி ஆய்வாளரின் கடமை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மரபணுச் சோதனை இதில் ஓரளவே உதவும். 1997-இல் வெளியான ஆய்வு ஒன்று, கோஹென் மரபினரிடையே ஆண்வழி மட்டும் இறங்கும் ஒய் நிறப்புரியில் (Y குரோமோசோமில்) பொதுவான வடிவங்கள் மிகுதி என்று காட்டியது. லேவியரிடையே நிலைமை வேறு. அஷ்கெனாசி லேவியரில் ஏறத்தாழப் பாதிப்பேர் ஒரு கிளையைச் சேர்ந்தவர்கள், மற்றவர்கள் பல கிளையினர். மேலும், அஷ்கெனாசி சமூகம் நூற்றாண்டுகளாகத் தனக்குள்ளேயே மணம் செய்துகொண்டதால், பொதுவான மரபணுச் சோதனை எவரையும் எவருக்கும் நெருங்கிய உறவினர்போல் காட்டும். நான்காம் தலைமுறை உறவு என்று கணினி சொல்வது உண்மையில் பத்துத் தலைமுறைக்கு அப்பால், பல வழிகளில் சேர்ந்துவந்ததாக இருக்கலாம்.

பெண்வழியைப் பின்தொடர்ந்தால் பெயர்கள் இன்னும் விரைவாக மாறுகின்றன. ஏவா லுவோவ் கணவர் இறந்தபின் ஆம்ஸ்டர்டாமின் தலைமை ரபி மோசஸ் லோவென்ஸ்டாமை மணந்தார். ஹென்ரியெட்டேயின் தங்கை சோஃபி, சால்ட்போமெலின் வணிகர் லியோன் ஃபிலிப்ஸை மணந்தார். அவர்களுடைய மகன் ஃப்ரெடெரிக்கும் பேரன் கெரார்டும் 1891-இல் ஐந்தோவனில் தொடங்கியதுதான் ஃபிலிப்ஸ் நிறுவனம். 1863-இல் ஹென்ரியெட்டே இறந்தபோது அவருடைய சொத்தைப் பங்கிடும் பொறுப்பு லியோனிடம் இருந்தது. இத்தகைய சொத்து ஆவணங்களில் பெண்களின் பிறந்தவீடும் புகுந்தவீடும் ஒரே தாளில் வருவதால், அவற்றை நான் பிறப்புப் பதிவுக்கு அடுத்த இடத்தில் வைப்பேன். கார்லின் சகோதரி லூயிஸ், ஜூட்டா என்பவரை மணந்து கேப் டவுன் சென்றார்; அங்கே சட்ட நூல்களை வெளியிடும் ஜூட்டா நிறுவனம் அவர் கணவர் தொடங்கியது. மற்றொரு சகோதரி மாஸ்ட்ரிக்ட்டில் ஷ்மால்ஹவுசன் ஆனார்.

ஹைன்ரிஷின் மகன்களில் கார்லைத் தவிர மற்றவர்கள் இளமையிலேயே இறந்தனர். கார்லுக்கும் அவர் மனைவி ஜென்னிக்கும் பிறந்த ஆண் குழந்தைகளும் சிறு வயதிலேயே இறந்தனர். மகள் லௌராவின் குழந்தைகள் பிழைக்கவில்லை; எலினோருக்குப் பிள்ளைகள் இல்லை. தாயின் பெயரையே கொண்ட மூத்த மகள் ஜென்னி 1872-இல் சார்ல் லோங்கேயை மணந்தார். அவர்களுடைய மகன் ழான் பிரெஞ்சு சோஷலிஸ்ட் தலைவராகவும், ழானின் மகன் கார்ல்-ழான் சிற்பியாகவும் விளங்கினர். கார்ல் மார்க்ஸின் கொள்ளுப்பேரப் பிள்ளைகளைத் தேடுபவர் பிரான்சின் பதிவேடுகளில் லோங்கே என்ற பெயரின் கீழ்த்தான் தேட வேண்டும்.